ஒளித்துவைத்ததைக் கணக்கு காட்டிக்கொடுக்கும்

(பாளையங்கோட்டையில் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2019 அக்டோபர் 28ஆம் தேதி, இணையப் பாதுகாப்பு வல்லுநர் புக்ராஜ் சிங் ட்விட்டரில் ஒரு செய்தி போட்டார். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி வலைப்பின்னலில் நிர்வாகிக்குரிய அதிகாரம் வெளியார் கைக்குப் போயிருக்கிறது, அரசுக்கு இது முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்பது அதன் சாரம். மறுநாள் நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. பரவுவது தவறான தகவல். கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, இணையத்தோடு தொடர்பில்லாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்றது அந்த அறிக்கை. அதற்கும் மறுநாள், 30ஆம் தேதி, தலைமை நிறுவனமான இந்திய அணுமின் கழகம் இன்னோர் அறிக்கை விட்டது. தீநிரல், அதாவது கெடுதல் செய்யும் நிரல், கண்டறியப்பட்டது உண்மைதான். செப்டம்பர் 4ஆம் தேதி, கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் அதைத் தெரிவித்தது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு பயனரின் கணினியில் அது இருந்தது. முக்கியமான உள் வலைப்பின்னலுக்குப் பாதிப்பில்லை என்றது.

அதே அக்டோபரில் இரண்டாம் அலகு நின்றுபோனதால் வதந்திக்கும் பஞ்சமில்லை. நீராவிக் கலனில் நீர்மட்டம் குறைந்ததுதான் அதற்குக் காரணம் என்று அறிவித்திருந்தார்கள். ஆகவே, உலைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயமுறுத்த நான் வரவில்லை. என் கேள்வி வேறு. ஒளிந்து வந்த ஒன்று எப்படி ஒளிந்திருந்தது? ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதைப் பேச நெல்லை பொருத்தமான ஊர். கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனில் இரண்டு அலகுகள் ஓடுகின்றன. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்புகொள்ளும் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன். பாபநாசத்தில் புனல்மின் நிலையம். ராதாபுரம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். இத்தனையும் ஒரே மாவட்டத்தில். இன்னொன்றும் உண்டு. சைபர் குற்றவியல் என்ற தனித்துறையை வகுத்தவராக அறியப்படும் கே. ஜெய்சங்கர், அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அத்துறைக்கான பன்னாட்டு ஆய்விதழ் 2007இல் அவர் கையால்தான் தொடங்கியது. ஆக, இந்தப் பொருள் நமக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை.

கூடங்குளத்துக்குள் வந்த தீநிரலின் பெயர் டிட்ராக். வட கொரிய அரசோடு தொடர்புள்ளதாக அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டும் லாசரஸ் குழுவின் கைவேலை இது என்று காஸ்பர்ஸ்கி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2019 செப்டம்பரில் எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டு இந்திய வங்கிகளின் ஏடிஎம் இயந்திரங்களில் அட்டைத் தகவல்களைத் திருடும் ஒரு தீநிரலை அவர்கள் பிடித்திருந்தார்கள். அதன் சாயலில் வேறு ஏதும் இருக்கிறதா என்று தேடியபோது 180க்கும் மேற்பட்ட டிட்ராக் மாதிரிகள் சிக்கின. வங்கிக்காரர்கள் கவனிக்க வேண்டும்: ஏடிஎம்முக்கு வந்ததும் அணுமின் நிலையத்துக்கு வந்ததும் ஒரே குடும்பம்.

இது ஒளிந்த விதத்தைப் பாருங்கள். வெளியே தெரிவது தீங்கில்லாத ஒரு சாதாரண நிரல். அதன் கோப்பின் வால்பகுதியில், நிரல் ஓடும்போது யாரும் தொடாத இடத்தில், குறியாக்கம் செய்த ஒரு மூட்டையை ஒட்டியிருந்தார்கள். நிரல் தொடங்கும் புள்ளிக்கும் அதன் முதன்மைப் பகுதிக்கும் நடுவே, சந்தடியில்லாமல், மூட்டையை அவிழ்க்கும் வரிகளைச் செருகியிருந்தார்கள். அவிழ்த்தால் உள்ளே இன்னொரு நிரல் இருந்தது. கூடவே சில விண்டோஸ் செயல்களின் பெயர்ப் பட்டியலும் இருந்தது. அந்தப் பட்டியலில் ஒன்றைத் தொடங்கி, ஓடுமுன் நிறுத்தி, அதன் உள்ளடக்கத்தைக் காலிசெய்துவிட்டுத் தன் நிரலை அங்கே குடிவைக்கும். பயனர், ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்து பார்த்தால் தெரிந்த பெயர்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

குடியேறிய பிறகு அது செய்தது வேவு. விசைப்பலகையில் அடிப்பதைப் பதிவதும், எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள், என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன, எந்த முகவரிகளோடு தொடர்பு இருக்கிறது, வட்டில் என்னென்ன கோப்புகள் என்று பட்டியல் எடுப்பதும் அதன் வேலை. கூடங்குளத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட மாதிரியைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்களைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. நிலையத்தின் சுருக்கப்பெயர் கொண்ட நிர்வாகிக் கணக்கு, அதன் கடவுச்சொல், உள்வலை முகவரி ஆகியவை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. சேகரித்ததைச் சுருக்கி, உள்ளே இருக்கும் இன்னொரு கணினியில் கொண்டுபோய் வைக்கும்படி அதற்கு உத்தரவு. கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு எழுதிய நிரல் என்றால், அது முதல் வருகையாக இருக்க முடியாது. யாரோ முன்பே வந்து, பார்த்து, போய், இந்த வீட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஒன்றுக்குள் இன்னொன்றை ஒளிப்பது கணினிக்கு முன்பே மனிதனுக்குத் தெரிந்த வித்தை. தண்டியலங்காரம் சொல்லணியில் சித்திரகவி வகைகளைப் பட்டியலிடும்போது கூடசதுக்கம், காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள் என்றெல்லாம் சொல்லும். கூடசதுக்கத்தில் நான்காம் அடியின் எழுத்துகள் முதல் மூன்று அடிகளுக்குள் ஒளிந்திருக்கும். கரந்துறைச் செய்யுளில் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டே உறையும். குறியாக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். குறியாக்கம் செய்த கடிதத்தைப் பார்த்தாலே இதில் ரகசியம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கரந்துறையும் செய்தியில், ரகசியம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. குஸ்டவஸ் சிம்மன்ஸ் என்ற ஆய்வாளர் 1983இல் இதை ஒரு சிறைக் கதையாக முன்வைத்தார். இரண்டு கைதிகள் கடிதம் எழுதிக்கொள்ள சிறை அதிகாரி அனுமதிக்கிறார். ஆனால் ஒவ்வொன்றையும் படித்துத்தான் கொடுப்பார். அவர் கண்ணெதிரே தப்பிக்கும் திட்டத்தை எப்படிப் பரிமாறுவது? இன்று அந்தச் சிறை அதிகாரியின் நாற்காலியில் நம் பாதுகாப்பு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது.

புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளியின் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களால் குறிக்கிறோம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 100 என்ற சிவப்பை 101 ஆக்கினால் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தக் கடைசி இலக்கத்தில் ஒரு பிட் தகவலை வைத்துவிடலாம். நீளம் 1000, அகலம் 1000 புள்ளிகள் உள்ள படத்தில் 30 லட்சம் பிட், அதாவது 3,75,000 பைட் ஒளிந்துகொள்ளும். ஒரு சிறு நாவலுக்கே இடம் உண்டு.

கண் ஏமாந்தாலும் எண் ஏமாறாது. இயல்பான படத்தில் 100 என்ற மதிப்புள்ள புள்ளிகளும் 101 உள்ள புள்ளிகளும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. குறியாக்கம் செய்த செய்தியைக் கடைசி இலக்கத்தில் திணித்தால், பூவா தலையா போட்டது போல் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் விழும். 100உம் 101உம் சமமாகிவிடும். 102உம் 103உம் சமமாகிவிடும். இந்தச் சமநிலையைப் புள்ளியியல் சோதனையால் பிடிக்கலாம் என்று வெஸ்ட்ஃபெல்டும் ஃபிட்ஸ்மானும் 1999இல் காட்டினார்கள். பிறகு ஜெசிகா ஃப்ரிட்ரிச்சும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும், திணித்த செய்தியின் அளவையே கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒளித்தது என்ன என்று தெரியாது. ஆனால் ஒளித்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

தாக்குகிறவர்கள் எப்போதும் இவ்வளவு நுட்பமாகப் போவதில்லை. 2014இல் கண்டறியப்பட்ட ஜியூஸ்விஎம் என்ற வங்கித் தீநிரல், தன் அமைவுத் தகவல்களை ஒரு படத்தின் பின்னால் வெறுமனே ஒட்டியிருந்தது. 2015இல் வெளிப்பட்ட ஹேமர்டாஸ், ட்விட்டர் கணக்கு வழியே கிட்ஹப் தளத்தில் உள்ள படத்துக்கு வழி கேட்டுப் போகும்; கட்டளை அந்தப் படத்தின் கடைசியில் இருக்கும். 2016இல் வலைத்தள விளம்பரப் படங்களின் ஒளிபுகு அளவைக் குறிக்கும் எண்களில் நிரலைத் தூவியவர்களும் உண்டு. டிட்ராக்கை அனுப்பிய அதே லாசரஸ் குழு 2021இல் கொரிய மொழி ஆவணம் ஒன்றுக்குள் பிஎன்ஜி படம் வைத்தது. தீநிரல் அதில் சுருக்கப்பட்டுக் கிடந்ததால் தேடும் மென்பொருளுக்குப் பிடிபடவில்லை. படத்தை பிஎம்பி வடிவத்துக்கு மாற்றியதும் சுருக்கம் தானாக விரிந்தது.

இங்கே ஒரு பயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். படத்தைப் பார்த்தாலே கணினி கெட்டுவிடுமா என்று கேட்கிறார்கள். பொதுவாகக் கெடாது. படத்துக்குள் இருப்பதை வெளியே எடுக்க ஏற்கெனவே உள்ளே நுழைந்த ஒரு நிரல் வேண்டும், அல்லது படத்தைத் திறக்கும் மென்பொருளில் ஓட்டை வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருக்கிறவர் குட்மார்னிங் படத்துக்கு நடுங்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்புக்குத்தான் நடுங்க வேண்டும். அது படமே இல்லை, செயலி.

வலைப்பின்னலிலும் ஒளியலாம். ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் விசாரணையை எந்த அலுவலகமும் தடுப்பதில்லை. பெயரின் ஒவ்வொரு துண்டிலும் 63 எழுத்து வரை வைக்கலாம் என்பதால், திருடிய தகவலைத் துண்டு துண்டாக்கிப் பெயர்போல அனுப்பிவிடலாம். 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் தாக்குதலில், அந்த மென்பொருள் நிறுவனத்தின் மேம்படுத்தலில் ஒளிந்து வந்த சன்பர்ஸ்ட் தீநிரல் இந்த வழியைத்தான் பிடித்தது. நிறுவனத்தின் சொந்த மேம்பாட்டுத் திட்டத் தகவல் போலவே தன் பேச்சுக்கு வேடம் போட்டது. உள்ளே வந்ததும் ஏறத்தாழ இரண்டு வாரம் பேசாமல் படுத்துக்கிடந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அந்த நஞ்சேறிய மேம்படுத்தலைப் பதிவிறக்கியிருந்தார்கள்.

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? டிஎன்எஸ் பெயர்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து இல்லை. ஃபயர்ஐ என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தில் ஓர் ஊழியரின் கணக்கில் இரண்டாவதாக ஒரு கைப்பேசி பதிவாகியிருந்தது. அந்த நிறுவனத்தின் கணினிக் காவலர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது உங்களுடையதுதானா என்று அந்த ஊழியரிடம் கேட்டார். இல்லை என்றார். அங்கிருந்து நூல் பிடித்துப் போனார்கள். இன்னொரு சம்பவமும் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் ஒருவர் சுழலித் தொழில்நுட்பக் கோப்புகளைச் சூரிய அஸ்தமனப் படத்துக்குள் ஒளித்துத் தனக்குத்தானே மின்னஞ்சல் செய்துகொண்டார். 2018இல் கைதானார், 2023 ஜனவரியில் இரண்டு ஆண்டுச் சிறை. அஸ்தமனப் படம் யாருக்கும் சந்தேகம் தரவில்லை. நிறுவனம் பயன்படுத்தாத ஒரு குறியாக்க மென்பொருளால் பூட்டிய கோப்புகள் அவர் கணினியில் இருந்தன. அதைப் பார்த்துத்தான் அவரைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள்.

இன்றைய பேச்சின் மையம் இதுதான். ஒளிந்திருப்பதைத் தேடிக்கொண்டு போனால் கிடைக்காது. கண்ணில் படாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. ஆனால் ஒளிக்கும் செயல் எங்காவது ஒரு கணக்கை மாற்றாமல் நடக்காது. அந்தக் கணக்கை வைத்திருக்கிறவருக்குத்தான் அது அகப்படும். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கன்னடியன் கால்வாயில் தலைமடையில் விட்ட தண்ணீர் எவ்வளவு, கடைமடைக்கு வந்தது எவ்வளவு என்று தெரிந்தால், நடுவில் இருட்டில் யாரோ குழாய் போட்டு இழுப்பது தண்ணீரைப் பார்க்காமலே தெரிந்துவிடும். கசிவு வழக்கமாக எவ்வளவு, கோடையில் எவ்வளவு என்றும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் கசிவைத் திருட்டு என்போம், திருட்டைக் கசிவு என்போம்.

இதைக் கணினிக்குப் பொருத்துங்கள். ஜேபெக் படத்துக்கு முடிவுக்குறி உண்டு. அதற்குப் பின்னால் எத்தனை பைட்? நிரல் கோப்பின் தலைப்பு சொல்லும் நீளத்துக்கும் வட்டில் அது பிடிக்கும் இடத்துக்கும் ஏன் வித்தியாசம்? கணக்குப்பிரிவுக் கணினி ஒரு நாளில் எத்தனை புதிய பெயர்களை டிஎன்எஸ்ஸில் விசாரிக்கும், இன்று ஏன் பல மடங்கு? ராத்திரி இரண்டு மணிக்குக் கோப்புகளைச் சுருக்கும் நிரல் ஏன் ஓடியது? நிர்வாகிக் கணக்கு வழக்கமில்லாத கணினியிலிருந்து ஏன் நுழைந்தது? டிட்ராக் இந்தக் கேள்விகளில் பலவற்றுக்குத் தடயம் வைத்துவிட்டுப் போகும் வகை. பட்டியல் எடுக்கும், சுருக்கும், இன்னொரு கணினிக்கு நகலெடுக்கும். வேடம் எவ்வளவு பொருத்தமானாலும் வேலை செய்யாமல் இருக்க முடியாதே.

இதில் இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. முதலாவது, பொய் அபாயமணி. முறையான நிறுவல் கோப்புகளும் வால்பகுதியில் தகவல் வைக்கின்றன. சுருக்கிய ஜிப் கோப்பும் குறியாக்கம் செய்த கோப்பும் புள்ளியியல் கண்ணுக்கு ஒரே மாதிரி ஒழுங்கின்மையோடு தெரியும். ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். 10 லட்சம் கோப்புகளில் 10 மட்டும் கெட்டவை. நூற்றுக்கு ஒரு முறை மட்டுமே நல்லதைக் கெட்டதென்று சொல்லும் கருவி நம்மிடம் இருக்கிறது. அப்போதும் சுமார் 10,000 பொய் மணி அடிக்கும். மூன்றாம் நாள் காவலர் மணியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். 2001இல் நீல்ஸ் ப்ரோவோஸும் பீட்டர் ஹனிமனும் ஈபே தளத்தின் 20 லட்சம் படங்களைச் சோதித்தார்கள். ஆயிரக்கணக்கானவை சந்தேகத்துக்குரியவையாகத் தெரிந்தன. ஒளித்த செய்தி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதனால் ஒரு குறியை மட்டும் நம்பாமல், ஒரே கணினியில் இரண்டு மூன்று குறிகள் ஒன்றுசேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அளவுகோலே பொய் சொல்வது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நடான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குகளைக் கெடுத்துக்கொண்டே, எல்லாம் ஒழுங்காக இருப்பதாக முன்பு பதிந்த அளவீடுகளைத் திரும்ப ஓட்டிக் காட்டியது. இணையத்தோடு இணைக்கப்படாத ஆலை அது. தீநிரல் பென்டிரைவ் வழியே நுழைந்ததாகக் கருதப்படுகிறது. தனித்து இயங்குகிறது, ஆகவே வாய்ப்பே இல்லை என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு எந்தப் பொறியாளரும் நெஞ்சறியச் சொல்லக் கூடாது. கணக்கு எழுதுகிற இடமும் கணக்குக்கு உட்படுகிற இடமும் வெவ்வேறாக இருக்க வேண்டும். கணினியின் நடவடிக்கைப் பதிவுகளை அதே கணினியில் வைத்தால், உள்ளே வந்தவன் முதலில் அழிப்பது அதைத்தான்.

கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. செய்தி இருக்கிறதா என்று ஆராயாமல், வருகிற படத்தையெல்லாம் பிரித்து மறுபடி கோத்து அனுப்பினால், இருந்ததும் சிதைந்துவிடும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பும்போது அது மறுபடி சுருக்கப்படுவதால் கடைசி இலக்கத்தில் வைத்தது அழிந்துபோகும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். அலுவலக மின்னஞ்சல் வாசலில் இந்தச் சலவையை வைத்துக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன.

மறுபடி கூடங்குளத்துக்கு வருகிறேன். முதல் எச்சரிக்கை நிலையத்தின் சொந்தக் கணக்கேட்டிலிருந்து வந்ததாக அணுமின் கழகத்தின் அறிக்கை சொல்லவில்லை. செர்ட்-இன் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது என்கிறது. செப்டம்பர் 4இல் தெரிந்தது, அக்டோபர் 30இல்தான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. நடுவில் ஏறத்தாழ எட்டு வாரம். அதே குழு அதே கருவியோடு வேறு நிறுவனங்களின் கதவைத் தட்டியிருக்கக்கூடிய எட்டு வாரம். நிர்வாக வலைப்பின்னல்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. ஊழியர் பெயர்களும் ஒப்பந்தக்காரர் விவரங்களும் கொள்முதல் கடிதங்களும் அங்கேதான் இருக்கும். அடுத்த முறை யாருடைய பெயரில் மின்னஞ்சல் அனுப்பினால் எந்தப் பொறியாளர் திறப்பார் என்பதை அங்கிருந்துதான் கற்றுக்கொள்வார்கள்.

அதன் பிறகு சட்டம் கொஞ்சம் இறுகியிருக்கிறது. 2022 ஏப்ரல் 28ஆம் தேதி செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, சைபர் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நடவடிக்கைப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கணினிக் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரம் காட்ட வேண்டும். கடைசி விதி சின்னதாகத் தெரியும். ஆனால் இரண்டு கணினிகளின் கடிகாரம் பத்து நிமிடம் வேறுபட்டால், எது முதலில் நடந்தது என்று எந்தப் புலனாய்வாளராலும் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த உத்தரவு அரசிடம் தெரிவிக்கச் சொல்கிறது. பக்கத்து நிறுவனத்துக்கும் பொதுமக்களுக்கும் சொல்ல வேண்டும் என்று அது கேட்கவில்லை.

மாணவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. ஒளித்த செய்தியை மீட்கும் சாகசப் போட்டிகளில் கலந்துகொள்ளுங்கள், தப்பில்லை. அதற்கு முன், அனுமதி வாங்கிக்கொண்டு, உங்கள் கல்லூரி ஆய்வகத்தின் வலைப்பின்னலை ஒரு பருவம் முழுக்கக் கவனியுங்கள். சாதாரண நாளில் என்ன நடக்கிறது, தேர்வு நாளில் என்ன, விடுமுறையில் என்ன என்று எழுதி வையுங்கள். சலிப்பான வேலைதான். சம்பளம் கொடுத்து உங்களை நாளைக்கு வேலைக்கு எடுப்பவர்களுக்கு அந்தச் சலிப்பைத் தாங்கும் ஆள்தான் வேண்டும்.

நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். கைப்பேசியைப் பார்த்து இது உங்களுடையதா என்று கேட்ட காவலரிடமிருந்துதான் அங்கே நூல் பிடித்துப் போனார்கள். நம் அலுவலகங்களில் ஓர் இளநிலைப் பணியாளர், ஐயா, இந்தக் கணக்கு இடிக்கிறதே என்று மேலதிகாரியிடம் வந்து நின்றால் என்ன நடக்கும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வேலையைப் பார் என்று அனுப்பிவிடுகிற அலுவலகத்துக்கு எவ்வளவு விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் பயனில்லை. தாக்குகிறவன் தன்னை ஒளிக்கிறான், அது அவன் தொழில். தாக்கப்பட்டதை நாமும் ஒளித்தால் அவன் வேலையில் பாதியை நாமே செய்துகொடுக்கிறோம்.